தே: பாதையா, தேநீரா, "செய்" என்ற ஏவலா?

சொல்தேடி எழுதியது:

எஸ்தோனியாவின் டார்ட்டுவில் படிக்க வந்த நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சொல்லைப் பற்றிக் கேட்கிறேன். எஸ்தோனியன் மொழியில் "தே" என்றால் பாதை. "தே" என்றால் தேநீர். "தே" என்றால் "செய்" என்ற ஏவலும்கூட. எழுத்தும் ஒன்று, ஒலிப்பும் ஒன்று. "தேன் தேத்" என்று ஒருவர் சொன்னால் தேநீர் போடுகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சாலை போடுகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குக் கிளம்புகிறவரிடம் "ஹெயத் தேத்" என்பார்கள். பயணம் நல்லபடியாக அமையட்டும் என்ற வாழ்த்து அது. இலக்கணப்படி அதுவே "நல்ல தேநீர்" என்றும் ஆகும்.

பக்கத்து மொழியான ஃபின்னிஷில் பாதைக்குத் "தியெ", தேநீருக்குத் "தே", ஏவலுக்கும் "தே". பாதை மட்டும் ஏன் தனியாகப் போனது? இன்னொன்று. "தியெ"யை ரோமன் எழுத்தில் எழுதினால் கட்டு, கழுத்துப்பட்டை என்ற பொருளில் வரும் ஆங்கில "டை"யின் அதே மூன்று எழுத்துகள். "தே"யை எழுதினால் கோல்ஃப் பந்தைத் தூக்கி வைக்கும் "டீ". இவற்றில் எது உண்மையான உறவு, எது தற்செயல்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

கயல் எழுதியது:

தம்பி, நான் ஃபின்லாந்தின் தம்பெரேயில் பல வருடமாக இருக்கிறேன். நீங்கள் கேட்ட "பாதை மட்டும் ஏன் தனி" என்பதற்குத் தெளிவான விடை இருக்கிறது.

எஸ்தோனியன், ஃபின்னிஷ், கரேலியன், வெப்ஸ், வோத்திக், லிவோனியன் எல்லாம் பின்னிய (ஃபின்னிக்) மொழிகள், ஒரே தாய்மொழியிலிருந்து வந்தவை. அந்தத் தாய்மொழியில் பாதைக்கு நெடில் ஏகாரத்தோடு "தே" என்றே இருந்தது. எஸ்தோனியன் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஃபின்னிஷில் பழைய நெடில் "ஏ" எல்லாம் "இயெ" என்று உடைந்தது. இது ஒரு சொல்லில் மட்டும் நடந்ததில்லை. மொழி அல்லது நாக்கு எஸ்தோனியனில் "கேல்", ஃபின்னிஷில் "கியெலி". மனம் அங்கே "மேல்", இங்கே "மியெலி". ஆண் அங்கே "மேஸ்", இங்கே "மியெஸ்". நெடில் ஓகாரமும் இதே போல "உவொ" ஆனது: சதுப்பு நிலம் அங்கே "ஸோ", இங்கே "ஸுவொ". இளமை அங்கே "நோர்", இங்கே "நுவொரி". ஒரு மொழியின் சொல் தெரிந்தால் மற்றதன் சொல்லைக் கிட்டத்தட்ட ஊகித்துவிடலாம்.

இப்போது தேநீருக்கு வருவோம். தேயிலை வடக்கு ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது இந்த உடைவு முடிந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஸ்வீடிஷ் மொழியின் "தே" ஃபின்னிஷுக்குள் வந்தபோது அதை உடைக்க விதி எதுவும் உயிரோடு இல்லை. அதனால் அது "தே"யாகவே நின்றுவிட்டது. எஸ்தோனியனுக்குள் ஜெர்மன் வழியாக வந்த "தே", அங்கே ஏற்கனவே இருந்த பாதையோடு போய் ஒட்டிக்கொண்டது.

ஏவல் "தே"யின் கதை வேறு. அதன் வேர் "தெகெ". ஃபின்னிஷில் "செய்கிறார்" என்பது இன்றும் "தெக்கே". அசை மெய்யில் முடியும்போது நடுவில் உள்ள "க்" மெலியும், மெலிந்து பிறகு மறைந்தே போகும். ஏவல் வடிவத்தின் கடைசியில் முன்பு ஒரு "க்" இருந்தது. அதனால் அசை மூடி, நடு "க்" போய், "தெ-எ" இரண்டும் சேர்ந்து புதிய நெடில் "தே" பிறந்தது. பழைய நெடில்கள் உடைந்த பிறகு பிறந்த நெடில் இது, அதனால் உடையவில்லை.

ஆக ஃபின்னிஷில் "இயெ" என்று கேட்டால் பழைய நெடில், "ஏ" என்று கேட்டால் பின்னால் வந்த நெடில். சொற்களின் வயது உயிரெழுத்திலேயே பதிந்திருக்கிறது. எஸ்தோனியன் அந்தத் தேதியை அழித்துவிட்டது, அவ்வளவுதான். மூன்றும் மூன்று சொற்களே.

தாமிரா எழுதியது:

ஆங்கிலப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

"டை" பழைய ஆங்கிலத்தில் கயிறு என்று பொருள்பட்ட ஒரு சொல்லோடு பிறந்தது. அதற்கும் முன்னால் இழுத்தல் என்று பொருள்தரும் இந்தோ-ஐரோப்பிய வேர். இழுத்துச் செல்லும் "டோ", வெடுக்கென்று இழுக்கும் "டக்", ஏன் "டீம்" கூட அதே குடும்பம்தான். ஃபின்னிஷ் பாதைக்கும் இதற்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக அமைந்ததைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்து "டை" என்று ஒலிப்பதே பிற்காலத்து உயிரொலி மாற்றங்களால் வந்தது.

கோல்ஃப் "டீ"யின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் அது "டீஸ்". ஒருமையே அதுதான். கடைசி "ஸ்" பன்மை விகுதி என்று மக்கள் நினைத்து அதை வெட்டிவிட்டார்கள், "டீ" கிடைத்தது. பட்டாணிக்கும் இதேதான் நடந்தது: "பீஸ்" என்ற ஒருமையிலிருந்து "பீ" என்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார்கள். டீ-ஷர்ட் வேறு கதை, அது சட்டையின் வடிவம் டி என்ற எழுத்தைப் போல இருப்பதால் வந்த பெயர்.

குடிக்கும் டீ மட்டும்தான் எஸ்தோனியன் "தே"க்கு உண்மையான உறவு. சீனாவின் ஃபூஜியன் கரையில் பேசும் மின் மொழியில் அது "தே". டச்சு வணிகர்கள் அந்தக் கரையோரச் சொல்லை எடுத்துக்கொண்டு போனார்கள், மேற்கு ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1660 செப்டம்பர் 25 அன்று லண்டனில் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், தான் அதுவரை குடித்திராத சீன பானம் ஒன்றை வரவழைத்துக் குடித்ததாக எழுதினார். அவர் அதை எழுதிய எழுத்துக்கூட்டல் இன்றைய எஸ்தோனியன் எழுத்துக்கூட்டலேதான்! ஆனால் ஆங்கிலேயர்கள் அப்புறமும் நீண்ட காலம் "டே" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1714இல் அலெக்சாண்டர் போப் அந்தச் சொல்லை "ஒபே" என்பதோடு இயைபு சேர்த்துப் பாடியிருக்கிறார். அயர்லாந்துக்காரர்கள் சிலரிடம் அந்த "டே" இன்னும் இருக்கிறது.

முத்துநகர் எழுதியது:

அருமையான விளக்கங்கள். ஆனால் ஒன்றை யாருமே தொடவில்லையே. பாதைக்குத் "தியெ", "தே". நம்மிடம் "தெரு". இது கண்ணில் படவில்லையா? இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே திராவிட மொழிகளைச் சித்திய மொழிகள் என்று அவர் அழைத்த கூட்டத்தோடு, அதாவது ஃபின்னிஷும் துருக்கியும் சேர்ந்த கூட்டத்தோடு இணைத்துப் பேசினார். 1940களில் தாமஸ் பரோவும் திராவிடச் சொற்களை உரால் மொழிச் சொற்களோடு வரிசையாக ஒப்பிட்டு எழுதினார். ஃபின்னிஷ், எஸ்தோனியன், ஹங்கேரியன் எல்லாம் உரால் குடும்பம்தானே? இரண்டு பேரும் சாதாரண ஆட்கள் இல்லை. இந்த இழையில் அதைப் பேசாமல் விடுவது சரியாகப் படவில்லை.

கயல் எழுதியது:

முத்துநகர் அண்ணா, பேசவேண்டிய விஷயம்தான். கால்டுவெல்லும் பரோவும் கேட்ட கேள்வி மதிப்புள்ள கேள்வி. ஒட்டுநிலை அமைப்பு, வேற்றுமை உருபுகள் பின்னால் சேர்வது போன்ற ஒற்றுமைகளை இங்கே வாழும் தமிழர் எவரும் முதல் மாத வகுப்பிலேயே உணர்வார். "வீட்டில்" என்பதை ஃபின்னிஷ்காரரும் வீடு என்ற சொல்லின் பின்னால் உருபைச் சேர்த்தே சொல்கிறார். ஆனால் அமைப்பு ஒத்துப்போவதால் குடும்பம் ஒன்றாகிவிடாது. துருக்கியும் ஜப்பானியமும்கூட ஒட்டுநிலை மொழிகள்தாம். குடும்பத்தை நிறுவ ஒழுங்கான ஒலி இணைகள் வேண்டும். திராவிட-உரால் உறவுக்கு அப்படிப்பட்ட இணைகள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால்தான் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

"தெரு"வில் "ரு" ஒட்டு இல்லை. மலையாளத்திலும் "தெருவு" என்று ரகரம் அப்படியே நிற்கிறது. பின்னிய "தே"யில் ரகரம் இருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. அது எங்கே போனது என்று சொல்ல வேண்டும், அதே போல் போன வேறு சொற்களையும் காட்ட வேண்டும். "கேல்-கியெலி, மேல்-மியெலி, மேஸ்-மியெஸ்" என்று நான் மேலே வரிசை வரிசையாகக் கொடுத்தது இதற்காகத்தான். "தெரு-தியெ" தனியாக நிற்கிறது.

வல்லிபுரம் எழுதியது:

பிள்ளைகள், நல்ல கதை போகிறது. நான் யாழ்ப்பாணம். எங்கள் பக்கம் "தேத்தண்ணி" என்றுதான் சொல்லுவோம். தேநீர் என்பது எழுதும்போது. சிங்களத்திலும் அது "தே". தமிழ்நாட்டில் இலைக்குத் "தேயிலை", குடிக்கக் கேட்கும்போது "டீ" என்கிறார்கள். அப்படியென்றால் அந்த ஃபூஜியன் கரைச் சொல் தமிழுக்குள் இரண்டு முறை வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இரண்டாம் முறை வந்தது ஆங்கிலம் வழியாக என்பது விளங்குகிறது.

தாமிரா எழுதியது:

ஆமாம் ஐயா, அப்படியேதான். பல்லொலி "த்" உள்ள "தே"யும் நாமடி "ட்" உள்ள "டீ"யும் தமிழில் அக்கம்பக்கமாக நிற்பதே இரண்டு வருகைக்கும் சாட்சி. உலகம் முழுக்கப் பார்த்தால் கடல் வழி வந்த இடங்களில் பெரும்பாலும் "தே", தரைவழி போன இடங்களில் "சாய்". ரஷ்யா, ஈரான், துருக்கி, இந்தி எல்லாம் "சாய்". கேரளத்தில் இலை "தேயில", குடிப்பது "சாய". போர்த்துகீசியர்கள் கடலில் வந்தும் "ஷா" என்றே சொல்வது ஏனென்றால் அவர்கள் சீனாவின் மக்காவு துறைமுகத்தில் கான்டனீஸ் பேசுவோரிடமிருந்து சொல்லை எடுத்தார்கள்.

இந்தக் கோடு பின்னிய மொழிகளின் நடுவிலேயே ஓடுகிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஸ்வீடன், ஜெர்மன் பக்கம் பார்த்த ஃபின்னிஷும் எஸ்தோனியனும் "தே". ரஷ்யாவின் பக்கம் இருந்த கரேலியனும் வெப்ஸும் "சாய்" வழிச் சொற்கள். எஸ்தோனியாவின் தென்கிழக்கு மூலையில் பேசும் வோரோவிலும் தேநீர் "த்ஸை". அங்கே பாதை "தீ". ஆக சொல்தேடி சொன்ன குழப்பம் டார்ட்டுவிலிருந்து கொஞ்ச தூரம் தெற்கே போனால் இல்லை.

சொல்தேடி எழுதியது:

வோரோ பற்றித் தெரியாது, நன்றி. இங்கே வகுப்பில் அந்தப் பகுதி மாணவர் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன்.

கயல் அக்கா, "செய்" என்ற வேர் "தெகெ" என்றீர்கள். ஹங்கேரியனிலும் செய்வதற்கு "தெஸ்" என்று பார்த்தேன். அது உறவா? அப்புறம், ஆங்கில "டூ" அதே பொருளில் அதே போன்ற ஒலியில் இருக்கிறதே? அதுவும் தற்செயல் என்று சொல்லிவிடுவீர்களா?

கயல் எழுதியது:

ஹங்கேரியன் "தெஸ்" உறவு என்றே கொள்கிறார்கள். "தெகெ" உரால் குடும்பத்தின் மிகப் பழைய வினைகளில் ஒன்று.

ஆங்கில "டூ"வைத் தற்செயல் என்று நான் சொல்லமாட்டேன், தம்பி. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய மொழியியல் பேராசிரியராக இருந்த யொர்மா கொய்வுலெஹ்தோ 1991இல் இதைப் பற்றி எழுதினார். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் வைத்தல், செய்தல் என்று பொருள்தரும் "தே" போன்ற ஒரு வேர் இருந்தது. அதன் முடிவில் ஒரு குரல்வளை ஒலி. ஆங்கிலத்தில் அது "டூ", "டீட்" ஆனது. சமஸ்கிருதத்தில் "தா" ஆனது. நாம் தமிழில் எடுத்துப் புழங்கும் விதி, நிதி, தாது மூன்றிலும் அந்தத் "தா"தான் ஒளிந்திருக்கிறது. உரால் மொழி பேசியவர்களிடம் அந்தக் குரல்வளை ஒலி இல்லை. இரவல் வாங்கும்போது அதன் இடத்தில் "க்" போட்டுக்கொண்டார்கள், அதுதான் "தெகெ" என்பது அவர் வாதம்.

அப்படியானால் எஸ்தோனியன் தேநீருக்கும் ஆங்கில டீக்கும் உள்ள உறவு சில நூறு ஆண்டுப் பழசு. ஆனால் எஸ்தோனியன் ஏவல் "தே"க்கும் ஆங்கில "டூ"வுக்கும் உள்ள உறவு பல ஆயிரம் ஆண்டுப் பழசாக இருக்கலாம். பார்த்தால் ஒட்டாத இணைதான் ஆழமான இணை.

முத்துநகர் எழுதியது:

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. "தெரு"வில் ரகரம் எங்கே என்று என்னிடம் கேட்டீர்கள். கொய்வுலெஹ்தோ காணாமல் போன ஓர் ஒலியை வைத்துக்கொண்டு அதன் இடத்தில் "க்" வந்தது என்கிறார், அதை ஏற்றுக்கொள்கிறீர்கள். ஐரோப்பிய மொழிகளுக்கு ஒரு தராசு, தமிழுக்கு ஒரு தராசா? இதே ஹெல்சின்கியில்தானே அஸ்கோ பர்போலா சிந்து எழுத்தைத் திராவிடம் என்று வாதிட்டார், அவருக்குச் செம்மொழி விருது கொடுத்துக் கோவையில் 2010இல் கௌரவித்தோம். திறந்த மனதோடு பார்க்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்களே.

கயல் எழுதியது:

அண்ணா, நியாயமான கேள்வி. ஒரே தராசுதான், காட்டுகிறேன்.

அந்தக் குரல்வளை ஒலிகள் கொய்வுலெஹ்தோ தன் வசதிக்காகக் கண்டுபிடித்தவை இல்லை. 1879இலேயே சொசூர் என்ற மொழியியலாளர் இந்தோ-ஐரோப்பிய உயிரொலிகளின் கணக்கைச் சரிசெய்ய இப்படிச் சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்றார். அப்போது எந்த மொழியிலும் அவை கண்ணில் படவில்லை. பிறகு துருக்கி மண்ணில் ஹிட்டைட் என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியின் களிமண் பலகைகள் கிடைத்துப் படிக்கப்பட்டன. சொசூர் சொன்ன இடங்களில் சிலவற்றில் ஒரு ஹகரம் எழுதியிருந்ததை 1927இல் மொழியியலாளர் குரிவோவிச் எடுத்துக்காட்டினார். உரால் மொழிகள் ஆட்டத்துக்குள் வருவதற்கு முன்பே அந்த ஒலிகளுக்கு ஆதாரம் இருந்தது. கொய்வுலெஹ்தோவும் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அதே ஒலிக்கு "க்" வரும் சொற்களை வரிசையாகக் கொடுத்தார். அப்படியும் எல்லோரும் ஏற்கவில்லை. இது இரவலே இல்லை, இரண்டு குடும்பங்களும் அதற்கும் முன்பு ஒன்றாக இருந்த காலத்தின் எச்சம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் நானும் "இருக்கலாம்" என்று எழுதினேன்.

பர்போலாவின் வாதம் சிந்துவெளியில் பேசிய மொழி எது என்பதைப் பற்றியது. ஃபின்னிஷும் தமிழும் உறவு என்று அதில் வராது. நீங்கள் "தெரு" மாதிரி ஐந்தாறு இணைகள், ரகரம் ஒரே மாதிரி மறையும் இணைகள் கொண்டு வந்தால் உட்கார்ந்து பார்க்க நான் தயார். உண்மையிலேயே சொல்கிறேன்.

முத்துநகர் எழுதியது:

சரி, பரோவின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன். தனி இழையாகப் போடுகிறேன், அங்கே வாருங்கள்.

வல்லிபுரம் எழுதியது:

கயல் பிள்ளை, ஒரு சந்தேகம். ஃபின்னிஷில் தேநீரும் ஏவலும் ஒரே "தே" என்றால் "தேநீர் போடு" என்று சொல்லும்போது காதுக்கு எப்படித் தெரியும்?

கயல் எழுதியது:

ஐயா, அழகான இடத்தைத் தொட்டீர்கள். ஏவலின் கடைசியில் ஒரு "க்" இருந்தது என்றேன் அல்லவா? அது எழுத்தில் இல்லை, ஆனால் பேச்சில் முழுக்கச் சாகவில்லை. அடுத்த சொல்லின் முதல் மெய்யை இரட்டிக்க வைக்கிறது. "தே" என்று ஏவி, "தேத்த" என்று தேநீரைச் சொன்னால் வாயில் "தேத் தேத்த" என்றே வரும். தேநீர் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் இப்படி மிகாது. நம் வல்லினம் மிகுதல் போலத்தான், ஆனால் இங்கே ஸகரம் உட்பட மற்ற மெய்களும் மிகும். நாம் மிகுவதை எழுதுகிறோம், அவர்கள் எழுதுவதில்லை. வெளிநாட்டவர்கள் ஃபின்னிஷ் பேசும்போது அந்நியமாகக் கேட்பதற்கு இதை விட்டுவிடுவதும் ஒரு காரணம்.

பாதையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு மிகப் பிடித்தது. ஃபின்னிஷில் "அறிதல்" என்பது "தியெத்தா". அது "தியெ"யிலிருந்து பிறந்தது, முதலில் வழி அறிதல் என்று பொருள். காட்டிலும் சதுப்பிலும் வாழ்ந்தவர்களுக்கு வழி தெரிந்தவரே அறிந்தவர். அதிலிருந்து அறிவு "தியெத்தொ", அறிவியல் "தியெதெ", கணினி "தியெத்தொகொனெ", அதாவது அறிவு இயந்திரம். ஃபின்னிஷ் காப்பியமான கலேவலாவில் முதிய வைனமோய்னனுக்கு நிலையான அடைமொழி "தியெத்தய", அறிபவர். எஸ்தோனியனில் அறிவியல் "தெயதுஸ்", அதே வேர். பாதை என்ற சொல் எஸ்தோனியனில் தேநீரோடு கலந்து நின்றாலும் அதன் பிள்ளைகள் தனியாகத் தெரிகிறார்கள்.

சொல்தேடி எழுதியது:

எஸ்தோனியனில் பால்வெளி "லின்னுத்தே", பறவைகளின் பாதை. ஃபின்னிஷில் "லின்னுன்ரத்தா" என்று பார்த்தேன், அங்கேயும் பறவைத் தடம்தான், ஆனால் பாதைக்கு வேறு சொல். இரண்டு மொழிக்காரர்களும் அந்த வெளிச்சத்தைப் பறவைகளின் வழியாகவே பார்த்திருக்கிறார்கள்.

நடைமுறையில் குழப்பம் வராததற்குக் கூட்டுச்சொற்கள் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. நெடுஞ்சாலை "மான்தே", ரயில்பாதை "ரவுத்தே". டாலின் நகரத்திலிருந்து கிளம்பும் பெரிய சாலைகள் எல்லாம் நார்வா மான்தே, டார்ட்டு மான்தே, பார்னு மான்தே. அங்கே யாருக்கும் தேநீர் நினைவு வராது. கூட்டுச்சொல்லும் கைவிடும் இடம் ஒன்று உண்டு: "தேலெஹ்த்". "லெஹ்த்" என்றால் இலை. தேயிலைக்கும் அதுதான் சொல். பாதை ஓரமாக, மிதிபடும் மண்ணில் அகன்ற இலையோடு வளருமே, காயத்துக்கு வைத்துக் கட்டுவார்களே, அந்த பிளான்டாகோ வகைச் செடிக்கும் அதே "தேலெஹ்த்", பாதை இலை. அதைக் காயவைத்துக் கொதிக்கவிட்டுக் குடிப்பதும் உண்டு. அதன் பெயர் "தேலெஹெத்தே". முதல் "தே" பாதை, கடைசி "தே" தேநீர்.